பாஸ்போர்ட்டுக்கு ஒருநாள் லீவு

மலேசியாவில், புக்கிட் ரோத்தானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சாக்லேட் தொழிற்சாலைக்கு ஆடிட் வருகிறதென்றால் பாஸ்போர்ட்டுகளுக்கு ஒருநாள் லீவு. காலையில் ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கையில் கொடுப்பார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பேக்கிங் பகுதியில் இந்தத் திருப்பணி சூப்பர்வைசர் நவமணியுடையது. பத்து வருடத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று நேப்பாளத்துச் சரிதா தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இண்டர்வியூ லிஸ்ட்டுல உங்க பேரு இருக்கு, என் பேரு இல்ல. ஆடிட்டுக்கு வர்ற மேடம்கிட்ட உண்மையைச் சொல்லுங்க லா அக்கா. மூணு தடவ லீவு கேட்டேன், ஆர்டர் நெறையன்னு பாஸ்போர்ட்டக் குடுக்கல. ரெண்டே வாரம், போய்ட்டு வந்துருவேன். என் மக போன்ல என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுறா.”

சரிதாவின் தமிழ் முழுக்க நவமணியிடம் கற்றது. நவமணியின் புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. மகன் ஜொகூரில், தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் அவன் கடமை முடிந்தது. மத்தியானம் அரை மணி நேரம், பின்பக்கக் கொட்டகையில், இரண்டு பேருக்கும் கட்டிவந்த சோற்றைச் சரிதாவோடு பிரித்துச் சாப்பிடுவதுதான் நவமணிக்கு நாள் என்று ஒன்று இருப்பதற்கே அடையாளம்.

கோலாலம்பூரிலிருந்து வந்த மேடம் சின்னப் பெண். மலாயில் நிதானமாகப் பேசினாள். யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்காத சாக்லேட் என்று முத்திரை இருந்தால், விலை கூடுதலென்றாலும் வெளிநாட்டில் தேடி வாங்குகிறார்களாம்.

“பாஸ்போர்ட் அவங்கவங்க கையிலதானே இருக்கு?”

“ஆமா மேடம்,” என்றாள் நவமணி.

வேலை போய்விடுமே என்ற பயம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். ஊருக்குப் போன எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? சரிதாவும் போய்விட்டால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அவள் வாயை அடைத்தது.

சாயங்காலம் சரிதா கடைசி ஆளாக வந்தாள். பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப வாங்குவதிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் மற்ற நேப்பாளப் பெண்களோடு கேண்டீனில் உட்கார்ந்தாள். கோபம் இரண்டு நாளில் தணியும் என்று நவமணி இரண்டு பேருக்கும் சமைத்துக்கொண்டே வந்தாள். மூன்று வாரம் ஓடிற்று. அதற்குள் முத்திரை வந்துவிட்டது. பச்சை வட்டத்துக்குள் கோத்த இரண்டு கைகள். அதைப் பெட்டியில் ஒட்டும் வேலை சரிதாவின் வரிசைக்கே விழுந்தது.

நவமணி பொறுக்கமாட்டாமல் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னும் கோவமாடி?”

சரிதா ஒட்டிக்கொண்டே கேட்டாள். “இதைப் பாத்து வாங்குறவங்க நல்லவங்களாக்கா?”

“நல்லவங்கதான்.”

“அப்புறம் ஏன் அவங்ககிட்ட பொய் சொன்னீங்க?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “நீ போனா வரமாட்டேன்னு பயந்துட்டேன். எனக்கு வேற யாரு இருக்கா?”

சரிதா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் நவமணிக்குத் தாங்கவில்லை.

“அன்னிக்கு விட்டிருந்தா வந்திருப்பேன் அக்கா. நீங்க இருக்கீங்கன்னே வந்திருப்பேன். இனிமே எப்பப் போனாலும் வரமாட்டேன்.”

அடுத்த பெட்டி வந்தது. சரிதா முத்திரையைக் கோணாமல் ஒட்டி, விரலால் நீவி, சூப்பர்வைசர் சரிபார்ப்பதற்காக நவமணியிடம் நீட்டினாள்.