மூன்றாவது பெட்டிக்குப் போகும் வழி

1

இந்தக் கதை எனக்கு ஒரே வாக்கியமாகக் கிடைத்தது. மாடி வீட்டு ஃப்ளேவியா லோபோ நேற்றுச் சாயங்காலம் என் சமையலறையில் வாழைப்பழ பன்ஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆன்ட்டி, இன்னைக்கு ஒரு அம்மாகிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டேன்."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. எங்கள் கணினிகளுக்குள் திருடன்போல நுழைந்து பார், ஓட்டை எங்கே என்று சொல் என்று எழுத்தில் அனுமதி கொடுத்து, நிறுவனங்கள் அவளைக் கூப்பிடுகின்றன. பார்த்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும். ஆகவே மீதியெல்லாம் என் கைச்சரக்கு. மங்களூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்யவா தெரியாது?

2

முதல் தொடக்கம்: "இருட்டறையில், கறுப்புச் சட்டையின் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு..." (அடித்துவிட்டேன். ஃப்ளேவியா பூப்போட்ட சுடிதார் போடுகிறவள்.)

இரண்டாவது: ஆஸ்பத்திரி கேன்டீனில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஃப்ளேவியா நீர்தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். (இது இருக்கட்டும்.)

பார்வையாளர்களுக்கான வைஃபையில் நுழைந்தாள். அதில் யாரும் நுழையலாம். ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரியின் மற்ற நெட்வொர்க்குகளுக்குப் போக வழி இருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடத்தில் உட்காரலாம், படுக்கையறைக்குள் போகலாமா? அவள் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தாள். பிரசவ வார்டில் ஒரு டிவி, அதன் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். அது இந்த நெட்வொர்க்கிலும் இருந்தது, வேறொரு நெட்வொர்க்கிலும் இருந்தது. கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அதில் ஏறி மறுபக்கம் இறங்கினாள்.

மறுபக்கம், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதலில் கேமராக்கள். அடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் கருவிகள்.

ஃப்ளேவியா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.*

* நோயாளியின் உடம்போடு இணைந்த கருவி என்றால் தொடாதே, உடனே ஆஸ்பத்திரிக்காரர்களைக் கூப்பிடு. இந்த விதி மட்டும் என் கைச்சரக்கு இல்லை. அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

3

விட்டல் பூஜாரி எனக்குச் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். முதலில் அவரைச் சோம்பேறியாக எழுதினேன், பிறகு தெய்வமாக. இரண்டும் ஒட்டவில்லை. பேசவிட்டுப் பார்க்கிறேன்.

"அந்த கம்ப்யூட்டரை யாரு வெச்சது?" என்று கேட்டாள் ஃப்ளேவியா, வார்டு வாசலில்.

"நான்தான்."

"ரெண்டு பக்கமும் கேபிள் சொருகியா? ஆபத்துன்னு தெரியாதா சார்?"

"ஆபத்துன்னு தெரியும் மாராயரே," என்றார், மங்களூரில் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி. " எவ்வளவுன்னு தெரியாது. குழந்தைங்க எதிர்க் கட்டடத்துல, அம்மாங்க இங்க. தையல் போட்ட உடம்போட எப்படி நடப்பாங்க? வீல்சேர் தள்ள ஆள் கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறாங்க. முகத்தையாச்சும் டிவியில பாக்கட்டுமேன்னு போட்டேன்."

"முகம் இந்தப் பக்கம் வர்ற வழியிலயே எவனோ ஒருத்தன் அந்தப் பக்கம் போகலாம். மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம்."

விட்டல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே மிஸ்ரியா என்ற இளம்பெண் கட்டிலில் ஒருக்களித்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளேவியாவைக் கண்டதும் கைகாட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, மூணாவது கண்ணாடிப் பெட்டியில இருக்கானே, அவன்தான் என் பையன். கொட்டாவி விடுறான் பாருங்க! உள்ளங்கை அளவு இருந்துக்கிட்டு என்ன கொட்டாவி!"

நுரையீரல் தேறாத பிள்ளை. பிழைப்பான் என்று டாக்டர்கள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஃப்ளேவியா அந்த நேரத்தில்

(விட்டுவிட்டேன். அவளுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.)

4

முடிவு ஒன்று: யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். (மாட்டாள். அந்த அறையில் மூன்றாவது பெட்டி மட்டுமா இருக்கிறது?)

முடிவு இரண்டு: படம் வெளியே வரலாம், எதுவும் உள்ளே போக முடியாது என்கிற மாதிரி ஒருவழிப் பாதை போடச் சொல்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் அது வந்து சேர வாரக்கணக்காகும். அந்தப் பிள்ளைக்கு அத்தனை வாரம் இருக்கிறதா?

முடிவு மூன்று: மேலிடத்துக்கு ஃபோன் போகிறது. விட்டல் தன் கையாலேயே கேபிளைப் பிடுங்குகிறார். மிஸ்ரியாவின் டிவி இருண்டுபோகிறது.

"கரண்ட் போச்சா அக்கா?"

"இல்லம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். கண்டவனும் உங்க பையன் மேல கை வெச்சிடக் கூடாதுன்னு."

"நானே இன்னும் அவனைத் தொடலையே," என்றாள் மிஸ்ரியா.

ஃப்ளேவியா வெளியே போய், மூலையில் கிடந்த வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நர்ஸ் மறித்தாள். "உங்க அனுமதிக் கடிதம் கம்ப்யூட்டருக்குத்தானே?"

"சரி சிஸ்டர், நீங்களே தள்ளுங்க. நான் கதவைப் பிடிச்சுக்கறேன்."

5

இன்று காலை இதை ஃப்ளேவியாவிடம் படிக்கக் கொடுத்தேன். "ஆஸ்பத்திரி இப்படியெல்லாம் இருக்காது ஆன்ட்டி" என்று கேலி செய்துகொண்டே வந்தவள், 'நானே இன்னும் அவனைத் தொடலையே' என்கிற இடத்தில் நின்றுவிட்டாள்.

"இப்படி அவ சொல்லல," என்றாள். "ஆனா இப்படித்தான் என்னைப் பாத்தா."

"வீல்சேர்?"

"அது உங்க கற்பனை. நான் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

தாள்களை மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு எழுந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"தள்ள ஆள் வேணும்ல?"

"என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுடி!"

"சொல்லக் கூடாதே!" என்று கத்தியபடி எங்கள் பிஜை பகுதியின் இறக்கத்தில் ஸ்கூட்டரை விட்டாள்.

ஆகையால் என்னிடம் முடிவு இல்லை. என்னுடைய மிஸ்ரியாவைக் கண்ணாடிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். மூன்றாவது பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. உங்களுக்கு இருந்தால் நீங்கள் அவளோடு உள்ளே போங்கள். போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அவளுக்கும் கழுவிவிடுங்கள், குனிந்தால் தையல் வலிக்கும்.