நாற்பது நிமிட இருட்டு

என்னைப் பொய்க்காரி என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஜூன் மாத ஹெல்சின்கியில் சூரியன் போக மனமில்லாமல் வானத்திலேயே கிடக்கும். எங்கள் ஆய்வகத்தின் கீழறையில் மட்டும் கும்மிருட்டு. எலியின் விழித்திரையில் ஒளியின் ஒரே ஒரு துளி விழுந்தாலும் மங்கல் ஒளியை உணரும் குச்சி செல் சிலிர்க்கும். அடுத்தடுத்த செல்கள் இரைச்சலைத் தள்ளிவிட்டு அந்தச் சிலிர்ப்பை மட்டும் கடத்தும். கடைசி செல்லில் நான் வைத்திருக்கும் மின் ஊசி அதைப் பிடித்ததும், ஒலிபெருக்கி 'டப்' என்னும். மூன்று வருடமாக இதுதான் என் வேலை.

"நான் பக்கத்துல வந்து நின்னா உன் செல்லு ஊமையாயிடுது. நான் இல்லாதப்ப கச்சேரியே வைக்குது. என்ன மாயம், ஹில்க்கா?" என்றார் பேராசிரியர் டோர்ஸ்டி.

"உங்களப் பாத்தா பயமோ என்னவோ."

"கிண்டல் வேணாம், பொய்க்காரி. கணக்கெல்லாம் நீயா எழுதிக்கிட்டது. வெள்ளிக்கிழமையோட ஆய்வ நிறுத்து."

"அப்ப இன்னைக்கு என்கூட உக்காருங்க. கண்ணு பழகுற வரைக்கும், நாற்பது நிமிஷம்."

எப்போதும் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுபவர் அவர். அன்று வீம்புக்கு உட்கார்ந்தார். செல்பேசிகளை வழக்கம்போல வெளியே வைத்தோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அரை மணி கழித்து அவர், விழித்திரை இருந்த தட்டின் மேல் குனிந்தார். பச்சையாக ஏதோ மினுங்கியது.

"அசையாதீங்க! கையில என்னது?"

"அப்பா குடுத்த கடிகாரம். முள்ளு இருட்டுல கொஞ்சம் மின்னும். இதெல்லாம் ஒரு வெளிச்சமா?"

"உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

அந்தப் பச்சை மினுக்கம் அவர் முகத்தருகே உயர்ந்தது.

"தெரியுது."

"அப்ப என் செல்லுக்குத் தெரியாம போகுமா? அந்த வெளிச்சத்துலயே அது தடுமாறிக் கிடக்கும்போது, நான் போடுற ஒரு துளி அதுக்கு எப்படி உறைக்கும்?"

அவர் எழுந்தார். "சரி, சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்."

"பொய்க்காரின்னு சொன்னப்ப பசிக்கலையே! கடிகாரத்த வெளிய வெச்சிட்டு வாங்க. மறுபடியும் நாற்பது நிமிஷம்."

வந்து உட்கார்ந்தார். நாற்பதாவது நிமிடம், இருப்பதிலேயே மங்கலான ஒளிக்கான விசையைத் தட்டினேன்.

டப்.

"இன்னொரு தடவ போடு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"முதல்ல சொன்ன சொல்ல வாபஸ் வாங்குங்க."