மிஞ்சிய ஈரல்

வலித்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அழுத்தினால் எப்போது சொல்வதாம், அழுத்துவதற்கு முன்பா, பின்பா, அந்தப் பசை வேறு ஐஸ் மாதிரி வயிற்றில் வழிகிறது, ஸ்கேன் டாக்டர் பாவம், தையலை விட்டுத் தள்ளித்தான் கருவியை வைக்கிறார், குறை சொல்வதற்கில்லை, இருந்தாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், கூரைப் பலகையில் ஈரம் பூத்த ஒரு கறை, அதையே பார்த்துக் கிடந்தால் கோபம் அடங்கும் என்று நினைத்தால் எங்கே அடங்குகிறது... கால்மாட்டில் அம்மா நிற்கிறாள். போன வாரம்தான் மகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்து மகனுக்கு வைத்திருக்கிறார்கள், அந்த மகள் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு கிடக்கிறாள், உள்ளே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன, "டாக்டர், என் பையனுக்குக் காலையிலேயே பார்த்துட்டீங்களா?" வலிக்குதாம்மா என்று ஒரு வார்த்தை? ஊஹூம். பையன் பையன் பையன். நாற்பத்தாறு வயதுப் பையன்.

அந்தப் பையனுக்குக் குடியில்லை, புகையில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தலையில் நாலு முடி குறைந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. போனில் எவனோ விளம்பரம் போட்டானாம், பாலில் கலந்து குடித்தால் கருகருவென்று முளைக்குமாம், பெயரில்லாத டப்பாவில் ஒரு பவுடர், வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் குடித்தான், கண் மஞ்சளானது, சொல்லவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சொல்லவில்லை, கடைசியில் தன் பெண்டாட்டியையே யார் நீ என்று கேட்டபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முடிக்காக! சொன்னால் சிரிப்பார்கள்... அண்ணியின் ரத்தம் சேரவில்லை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அந்த வராந்தாவில் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களே, யாராவது வாய் திறந்து கேட்டார்களா, கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம், கேட்காத கேள்விக்கு எப்படி மறுப்பது? கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள், யார் ஸ்டியரிங் பிடித்தாலும் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, அன்றைக்குச் செருப்புக்கடியில் வெறும் தரைதான் இருந்தது. பெரிய டாக்டர் மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, பொருந்தலன்னு நாங்களே சொல்லிடறோம், வெளிய யாருக்கும் தெரியாது." தப்பிக்க அவ்வளவு நல்ல வழி. சம்மதம் என்று சொன்னது யார் வாய்? அவள் வாய்தான். அந்த வாயின் மேலும் கோபம்தான்.

திடீரென்று இயந்திரத்துக்குள் காற்றடிப்பது போல ஒரு சத்தம், விடாத இரைச்சல், ஹோவென்று... "இதுதான் குடல்லருந்து ஈரலுக்கு வர்ற ரத்தம்," என்று டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "முன்னாடி முழு ஈரலுக்கும் போயிட்டிருந்தது. வர்ற ரத்தம் குறையல, ஈரல்தான் குறைஞ்சிருக்கு. அத்தனையும் இந்த மிச்சத் துண்டுக்குள்ள பாயணும், அதான் இந்த வேகம்." கருவியை அரை விரல் நகர்த்தினார், இப்போது வேறு சத்தம், விட்டுவிட்டு, மெலிசாக. "இது தமனி, இதயத்துலருந்து ஈரலுக்கு வர்ற ரத்தம். அது வேகமா வந்தா இது தானா கொஞ்சம் ஒடுங்கிக்கும். உங்களுக்கு ரெண்டுமே அளவோடதான் இருக்கு. அந்த வேகம்தான் ஈரலை வளரவும் வைக்குது." வளரும், வளரும், எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், அண்ணி சொன்னாள், பார்க்க வந்த சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தானே தின்றுகொண்டு சொன்னார், நகம் வெட்டினால் வளர்வது மாதிரி, வளர்ந்துவிடும் என்பதற்காக அறுக்கலாமா? "வளந்துடுமாமேடி," என்று இதோ அம்மாவும் தொடங்கிவிட்டாள். "உனக்கு வளத்துத் தரட்டுமாம்மா, இன்னொரு தடவை அறுத்துக்கொடுக்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். தையல் சுரீரென்று இழுத்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சுவரில் இருந்த போன் அடித்தது. டாக்டர் எடுத்து, ம், ம், எவ்வளவு, என்றார், முகம் மாறியது. வைத்துவிட்டு அம்மாவைத்தான் முதலில் பார்த்தார். "உங்க பையனுக்குத்தான். அவருக்கும் இதே கதைதாம்மா, ஆனா மீறிப்போச்சு. பெரிய உடம்பு, வச்ச துண்டு சின்னது, வெள்ளம் மாதிரி பாயுது. தமனி ரொம்பவே ஒடுங்கிடுச்சு, காலையில கேட்ட சத்தம் இப்ப கேக்கல. உடனே திறந்து மண்ணீரலுக்குப் போற தமனியைக் கட்டப் போறாங்க, அந்த ரத்தமும் கடைசியில ஈரலுக்குத்தான் வருது, கட்டினா அந்த வேகம் அடங்கும்." அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. படட்டும், என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, நன்றாகப் படட்டும், முடி வளர்த்தானே... அதற்குள் அவள் வாய் கேட்டுவிட்டது, "அது தாங்குமா டாக்டர்?"

"தாங்குவான்டி, உங்கண்ணன் தாங்குவான்," என்று அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இத்தனை நாளில் முதல் முறையாக, பசை ஒட்டிய கையை, விடாமல். அவள் தாங்குவானா என்று கேட்கவில்லையே. தாங்குமா என்றல்லவா கேட்டாள். வயிற்றுக்குள் நாற்பது வருஷம் அவளோடு கிடந்த துண்டு, முன்பின் தெரியாத வெள்ளத்தில் மூச்சுமுட்டுகிறதே என்றல்லவா பதறினாள், அம்மாவிடம் சொல்லலாமா, சொல்லி என்ன... வெளியே வராந்தாவில் சக்கரங்கள் தடதடவென்று உருண்டு போயின, அவன்தானா, அவனோடு அதுவுமா. நாசமாய்ப் போ என்று சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை அவனைத் திட்டியிருக்கிறாள், இப்போதும் அது தொண்டை வரைக்கும் வந்தது, வந்து அங்கேயே நின்றது, இனிமேல் அதைச் சொன்னால் யாரைப் போய்ச் சேரும்? திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டானே பாவி.