பொறுப்பில்லாத பெண்

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பேனாவை மூடி மேசைமேல் வைத்தார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுத் தாளும் ஓர் ஒற்றைத் தாளும் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரம் வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று நாள்வாரியாக எழுதி, பாதுகாவலரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கட்டு, அண்ணன் மகளுடையது. வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். ஒற்றைத் தாள், சொந்த மகன் துரையுடையது. அவனுக்கு வேறு பெயர் உண்டு. துரை என்பது நடை உடையைப் பார்த்து அமைந்த பட்டம். அவன் தாளில் ஒரே ஒரு வரி: 'தொட்டியில் மீன்களுக்குத் தீனி போட்டேன்.' மீன்கள் போன மாதமே செத்துப் போயிருந்தன.

"டீச்சர் இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க? படிக்கக் கூட்டிட்டு வந்த புள்ளைய வேலைக்காரி ஆக்கிட்டோம்னு நினைக்க மாட்டாங்களா?"

"நடந்ததைத்தான் எழுதினேன் சித்தப்பா."

"நடந்ததையெல்லாம் எழுதணும்னு சட்டமா?"

பொடிசு இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. விமான நிலையத்தில் அவளைக் கூட்டிக்கொண்டபோதே சித்தப்பா தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ கவலையே படாதே. என் சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறவில்லை. அவருக்கென்று ஒரு பெண் பிறந்திருந்தாலும் இப்படித்தான் வைத்திருப்பார்.

சித்தி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடியுமுன் கிளம்ப வேண்டும். ஆகவே காலைச் சமையல், நாலு சாப்பாட்டு டப்பா, துரையின் சட்டைக்கு இஸ்திரி எல்லாம் பொடிசு தலையில். பள்ளிக்கூடம் விட்டதும் வேதியியல் மன்றம் நடக்கும். அதில் சேர வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நாலு மணிக்கு மேல் வீட்டு அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கும்.

சித்தப்பா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். அடுத்தவர் கண்ணாடிப் பவரில் கால் புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்ச நேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"உன்னோடதுல பாதிய துரை அண்ணனுக்கு எழுதிக் குடு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதானே?"

"அவன் செய்யலையே."

"அடுத்த வாரம் செய்வான். எழுதறியா, இல்ல உங்கப்பாவுக்குப் போன் போடட்டுமா? படிச்சது போதும்னா சொல்லு, டிக்கெட் எடுத்துடறேன்."

பொடிசு எழுந்து புதுத் தாள் எடுத்து வந்தாள். சொத்துப் பாகம் பிரிப்பது போல் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் முந்திப் பிறந்த உரிமையில் துரை அவளுக்கு அண்ணன்.

"வெங்காயம் நறுக்கறது எனக்கு, இஸ்திரியும் எனக்கு" என்றான். "கக்கூஸ் கழுவறது வேணாம், நாறும்."

"எழுதத்தானே போறே அண்ணா? தாள் நாறாது."

"அப்ப சரி. ஆனா வாரத்துக்கு ஒரு தடவதான்."

பொடிசு கர்ணன் பரம்பரையில் வந்தவள் போல் வாரி வழங்கினாள். சமையல், பாத்திரம், துணி, குப்பை எல்லாம் போக, அவள் பங்கில் கடைசியாக அரைப்பக்கம் மிஞ்சியது. 'என் படுக்கையை மடித்தேன்' என்பதுதான் அதில் பெரிய வேலை. சித்தப்பா இரண்டிலும் மனநிறைவோடு கையெழுத்திட்டார்.

வினை திங்கட்கிழமையே வந்தது. துரையின் பத்துப் பக்கத்தைப் படித்த ஆசிரியை உருகிப் போனார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவன் ஒரு முட்டைப் பொரியல் செய்து, ஒரு சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்.

வீடு இரண்டுபட்டது. "நாலு நாள் இருக்கு. எப்படியாவது அவனுக்குச் சொல்லிக் குடு. என் மானமே உன் கையில இருக்கு" என்று பொடிசிடம் கெஞ்சினார் சித்தப்பா.

"அண்ணா, வெங்காயத்தைத் தோலோட நறுக்கக் கூடாது."

"தோல யாரு உரிப்பா?"

"இதுவரைக்கும் உரிச்சவதான் சொல்றேன், உரி."

வியாழக்கிழமை, கண்ணில் நீர் வழிய, விரலில் இரண்டு பிளாஸ்திரியோடு துரை கேட்டான்: "இதெல்லாம் நீ தினமும் பண்றியா?"

"பதினோரு பக்கம் எழுதினேனே, படிக்கலையா?"

"ரொம்ப நீளமா இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை அவன் ஒரு வழியாகக் கரையேறினான். சட்டையில் ஒரு பொத்தான் உருகியது. முட்டையில் ஓடு கொஞ்சம் கடிபட்டது. ஆனாலும் கைதட்டலில் கூரை அதிர்ந்தது, கையோடு ஒரு சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது. இப்படி ஒரு பையனை எப்படி வளர்த்தீர்கள் என்று ஆசிரியை கேட்க, சித்தப்பா எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அந்த நாட்டு மொழியில் அழகாகச் சொன்னார்: எங்கள் வீட்டில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பேதமே கிடையாது. மறுபடியும் கைதட்டல். வேலையிலிருந்து நேராக வந்திருந்த சித்திக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தோள்கள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் இருமல் போலத் தெரியவில்லை.

பிறகு ஆசிரியை பொடிசைக் கூப்பிட்டார். முகத்தில் அத்தனை பரிதாபம். இப்படிப்பட்ட அண்ணன் இருக்கும் வீட்டில், இந்தப் பெண் படுக்கையை மடிப்பதோடு நின்றுவிடுகிறாளே என்றார். அதற்கு மருந்தும் வைத்திருந்தார். பொறுப்புப் பழகும் வகுப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை, பருவம் முழுக்க. பாதுகாவலர் இங்கேயே சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நாலு மணிக்கு மேல் அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்ல சித்தப்பா வாயைத் திறந்தார். அத்தனை பெற்றோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மாலை அவர் வீடு திரும்பியபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சித்தி சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததே இல்லை.

"சாப்பாடு?"

"நம்ம துரைதான் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கானே. நீங்கதானே பிரேம் போட்டு மாட்டினீங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

துரை சமையலறைக்குள் போனான். மறுவாரம் வெங்காயம் உரிக்க ஆள் போதாமல் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டான். ஒரு வாரம் உரித்த பிறகு அவர் பொடிசைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சரப் பாத்து உண்மையச் சொல்லிடலாமாம்மா?"

"சொல்லலாம் சித்தப்பா. எல்லாத்துலயும் கையெழுத்து உங்களுதுதான்."

டிக்கெட் பேச்சையும் எடுக்க முடியவில்லை. பேதமே கிடையாது என்று அவர் பேசியதை துரை போனில் படம்பிடித்திருந்தான். அதை அவரே பெருமையாகச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பி வைத்திருந்தார். 'தம்பின்னா நீதான்டா தம்பி' என்று அண்ணன் அழுதேவிட்டார்.

பொறுப்பு வகுப்பில் அன்றாட வேலை இருபது நிமிடத்துக்குத்தான். மேசை துடைப்பது, கோப்பை கழுவுவது, இப்படி ஏதாவது. மிச்ச நேரம் மற்றப் பிள்ளைகள் சீட்டாடினார்கள். பொடிசு நடைபாதையைக் கடந்து எதிர் அறைக்குப் போனாள். அங்கேதான் வேதியியல் மன்றம். முதல் நாள் கதவருகே நின்றாள். மூன்றாம் நாள் அவள் கையில் சோதனைக் குழாய் இருந்தது. இரண்டாம் மாதம், மன்றத்தின் சார்பில் கண்காட்சிக்குப் போகும் மூவரில் ஒருத்தியாக அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

பருவ முடிவில் பொறுப்பு வகுப்புக்குத் தேர்வு வந்தது. ஆளுக்கொரு பாத்திரத்தில் சாதம் வடிக்க வேண்டும். தேறியவர்கள் அடுத்த பருவம் வர வேண்டியதில்லை.

அன்று மாலை பொடிசு அறிக்கையோடு வீட்டுக்கு வந்தாள். சித்தப்பாவும் துரையும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். சாதம் முழுக்கக் கருகிவிட்டது, மாணவி இன்னும் ஒரு பருவம் வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"கண்ணக் கட்டி விட்டாலும் பூ மாதிரி வடிப்பியே நீ. உன் கையில தீயுமா?"

பொடிசு தரையைப் பார்த்தாள். "அடுப்ப விட்டு நகரவே இல்ல சித்தி. நல்லாக் கருகற வரைக்கும் பாத்துட்டே நின்னேன்."

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவுக்காகக் காத்திராமல் தானே பேனாவை எடுத்து, பாதுகாவலர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"என் கையில கரண்டியக் குடுத்தப்ப எனக்கும் உன் வயசுதான்" என்றாள். "ஒரு நாளாவது தீய்க்கணும்னு தோணலையேடி எனக்கு. நல்லா சமைக்கறேன்னு எல்லாரும் சொன்னாங்களா, மயங்கிட்டேன்."