பேசாமல் எழுதிய புரோகிராம்

புரோகிராம் முதல் தடவையே பிழையில்லாமல் ஓடிவிட்டது. அதுதான் வஹிதாவுக்கு வினையாக முடிந்தது.

அது எழுபத்தாறாம் வருஷம். தருமபுரியில் அந்தக் கல்லூரியின் எம்.எஸ்ஸி. கணித வகுப்பில் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஃபங்ஷன்களை மட்டுமே கோத்துப் புரோகிராம் எழுதும் புதுப் பாடத்தை, தற்காலிக வேலையில் வந்த மாரப்பன் சார் கரும்பலகையிலேயே நடத்தினார். மாணவர்கள் தாளில் எழுதித் தருவார்கள். அவர் பெங்களூருக்குக் கொண்டுபோய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து வருவார். இரண்டு பேருக்கு ஒரு புராஜெக்ட். பெயர் வரிசைப்படி சோடி போட்டதில் வஹிதாவுக்குச் சித்தேரி மலையிலிருந்து வந்த தீர்த்தன் வாய்த்தான்.

சைக்கிள் கடை அப்துல் சுபான் மகளைப் படிக்க அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். "உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுல விழக்கூடாது." முதல் வகுப்பு வாங்கினால் பெங்களூரில் மாமா வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார். அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு படித்தாள். கல்லூரியிலோ ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் உட்காரவே தடை.

மாரப்பன் சார் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசவே வேணாம். உள்ள என்ன போவுது, வெளிய என்ன வருதுன்னு மட்டும் முடிவு பண்ணிக்குங்க. அடுத்தவங்க உள்ள என்ன பண்றாங்கன்னு எட்டிப் பாக்கிற வேலையே இந்தப் பாடத்துல இல்ல."

வகுப்பில் அவர் எதிரிலேயே முடிவாயிற்று. இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால், இடையிலுள்ள எல்லா பஸ் வழிகளையும் வஹிதாவின் ஃபங்ஷன் தரும். அவற்றில் குறுகியதைத் தீர்த்தனுடையது பொறுக்கும். அவரவர் வீட்டிலும் ஹாஸ்டலிலும் எழுதி, தனித்தனியே சாரிடம் கொடுத்தார்கள்.

மற்றவர்களுடையவை எல்லாம் பாதியில் நின்றன. இவர்களுடையது மட்டும் அரூருக்குக் கம்பைநல்லூர் வழியாகப் போகச் சொன்னது.

துறைத்தலைவர் மூவரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணா உக்காந்து மண்டைய ஒடச்சவனுங்களுக்கே வரல. பேசாமயே உங்களுக்கு வந்திருச்சா? எங்க சந்திச்சீங்க?"

"சந்திக்கலீங்க சார்," என்றாள் வஹிதா. "மாரப்பன் சாருக்குத் தெரியும்ங்க."

மாரப்பன் வாயைத் திறந்தார்.

"பையனையும் பொண்ணையும் சோடி சேத்ததே நீதானய்யா," என்றார் தலைவர். "உன் வேலைய நீட்டிக்கச் சொல்லி என்கிட்டதான வருவ?"

திறந்த வாய் மூடிக்கொண்டது.

"பொண்ணோட அப்பாவ வரச் சொல்லுங்க."

அப்போதுதான் தீர்த்தன் பேசினான்.

"அவங்கப்பா எதுக்குங்க சார். முழுக்க நான் எழுதுனதுங்க. அவங்க ஒரு வரிகூட எழுதல."

தலைவரின் முகம் தெளிந்தது. இது அவருக்கு நம்பும்படி இருந்தது. வஹிதாவுக்குப் பூஜ்யம் போட்டார். முதல் வகுப்பு அதோடு போயிற்று. மறுத்தால் அத்தா வந்து நிற்க வேண்டும். அவள் மறுக்கவில்லை.

வெளியே வந்ததும் தீர்த்தன் தலை குனிந்துகொண்டான். "வேற வழி தெரியலீங்க."

"தேடுனீங்களா?"

"நாளைக்கு வாய்மொழித் தேர்வுங்க. வெளியூர்லருந்து ஒருத்தர் வர்றாரு. உங்க பாதி எப்படி வேல செய்யுதுன்னே எனக்குத் தெரியாது. நான் முழிச்சா பழைய பேச்சு திரும்ப வரும்ங்க," என்றான்.

அது உண்மைதான். மத்தியானம் நூலகத்தில் வஹிதா முதல்முறையாக அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

"ஒவ்வொரு ஊரா அது தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கும்," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "போன ஊருக்கே திரும்பப் போவாம இந்த வரி தடுக்குது. இல்லேன்னா தருமபுரிக்கும் நல்லம்பள்ளிக்கும் சுத்திக்கிட்டே கெடக்கும்."

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் மாதையன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது. "ஒரு வரி எழுதாத பொண்ணுங்க அது. அதுக்கும் உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுக்கறான் பாருங்க. தங்கமான பையன்."

வஹிதா நிமிரவில்லை.

"எங்க, நீங்க திருப்பிச் சொல்லுங்க," என்றாள்.

அவன் சொன்னான். தப்பாக இருந்தது. அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.