பீன்ஸ் காட்டு இறங்குதளம்

"விமானத்து நம்பர் போடாம உள்ள விடமாட்டேங்குதுக்கா, நான் என்ன..."

"என்கிட்ட ஏது புள்ள விமானம்? அது இல்லைன்னு சொல்லத்தான..."

"இல்லைன்னு சொல்லவும் நம்பர் வேணுமாம்! செவப்பு நட்சத்திரம் போட்ருக்கு பாருங்க. அதை விட்டுட்டு அனுப்புனா எழுதுனதெல்லாம் அழிஞ்சிருது. இது ஆறாவது தடவை."

பெருமாள்மலையில் ஷம்ஷாத் நடத்திய பிரவுசிங் சென்டரில் மொத்தமே இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றின் முன்னால் ஷம்ஷாத். அவள் தோளுக்கு மேலே, பேத்துப்பாறை பாண்டியம்மாளின் முகம்.

2004இல் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் ஒரு ஹெலிகாப்டர் பாண்டியம்மாளின் காட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. அதோடு முடிந்தது என்று ஊரே நினைத்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அரசாங்க விமான வெப்சைட்டில் அவளுடைய சர்வே நம்பர் இறங்குதளம் என்று ஏறியிருக்கிறது. இறங்குதளத்தில் கொடிக்குக் கம்பு ஊனக் கூடாது என்று வி.ஏ.ஓ. சொல்லிவிட்டார். அதை நீக்கச் சொல்லி அதே வெப்சைட்டில் புகார் எழுதத்தான் இந்தப் பாடு. பீன்ஸ் கொடியோ முழ உயரம் வளர்ந்து, பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும். கொடி மண்ணுல படுத்துச்சுன்னா மொத்தமும் அழுகிரும். ஏதாச்சும் ஒரு நம்பரைப் போட்டுத் தள்ளு."

"ஏதாச்சும்னா?"

"என் கொழுந்தன் நாச்சிமுத்து லாரி வெளிய நிக்குதுல்ல? அதைப் போடு."

ஷம்ஷாத் எட்டிப் பார்த்து அடித்தாள். வெப்சைட் மறுபேச்சில்லாமல் அடுத்த பக்கத்தைத் திறந்தது.

"எத்தனை இன்ஜின்?"

"ஒண்ணு. அதுவும் ஏத்தத்துல இருமும்."

"எத்தனை பேர் போகலாம்?"

"ரெண்டு. மூட்டை மேல ஒக்காந்தா பன்னெண்டு."

"எவ்வளவு உயரம் போகும்?"

"கொடைக்கானல் சந்தைக்கு வெள்ளனே போயிருமே."

"அப்ப ஏழாயிரம் அடி."

புகார் ஏற்கப்பட்டது என்று வந்ததும் இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நாலாம் நாள் வந்த பதிலை ஷம்ஷாத் சிரிப்புக்கு நடுவே திக்கித் திக்கி வாசித்தாள்.

"அக்கா... உங்க விமானத்தைச் சோதிக்க வியாழக்கிழமை ஆள் வர்றாராம். அதுவரைக்கும்... பறக்கக் கூடாதாம்."

"நாச்சிமுத்துக்கிட்ட வெரசா சொல்லிரு. பொசுக்குனு கெளம்பிறப் போறான்."

வியாழக்கிழமை, மலை வளைவுகளில் வயிற்றைப் பறிகொடுத்த முகத்தோடு ஓர் அதிகாரி காட்டுக்கு வந்து சேர்ந்தார். வரப்போரம் கம்புகளை ஏற்றியபடி லாரி நின்றது. வேடிக்கை பார்க்க ஷம்ஷாத் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"விமானம் எங்கம்மா?"

"இதுதாங்க."

அதிகாரி ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது லாரி."

"ஆமாங்க. அதைச் சொல்ல உங்க வெப்சைட்டுல எடமில்லீங்க."

"என் ஃபாரத்துலயும் இல்லையே!" அவர் காகிதத்தை நீட்டினார். பறக்கத் தகுதி உள்ளது, தகுதியற்றது. இரண்டே கட்டங்கள். வெகுநேரம் யோசித்து இரண்டாவதில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தான். "தகுதியில்லையா? மதினி, போன மாசம்தான் எஃப்.சி. பண்ணினேன்! என் வண்டியில என்ன கொறை கண்டாரு?"

"பறக்காதுப்பா," என்றார் அதிகாரி.

"யாரு சொன்னா? டம்டம் பாறை எறக்கத்துல ஒக்காந்து பாருங்க சார்!"

அதிகாரி ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இந்த எறங்குதளம், சார்?"

"அது வேற செக்‌ஷன்மா. அதுக்கு வெப்சைட்டுல தனியா ஒரு புகார்..."

ஷம்ஷாத் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருங்க சார். என் காட்டுல எறங்கப்போற விமானம் எது?"

"உங்க பேர்ல எங்க கணக்குல இருக்கறது... இது ஒண்ணுதான்."

"இதுவும் பறக்காது."

"பறக்காது."

"பறக்காதது எங்கிருந்து எறங்கும்?"

அதிகாரி வானத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்தார். அதற்குள் பாண்டியம்மாள் அதன் அடியிலிருந்த கார்பன் நகலை உருவி இடுப்பில் செருகிவிட்டு, லாரியிலிருந்து ஒரு கம்பை இழுத்து, முதல் குழியில் நட்டிருந்தாள். அது ஒருபக்கம் சாய்ந்தது.

"சும்மாதான நிக்கிறீங்க சார், அந்த ஃபைலை அங்கிட்டு வச்சுட்டு இதைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க."