நாலு மயோனீஸ் வாளி

எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா நடந்துவிட முடியாது. வாசலைத் தாண்டினால் பக்கத்து வீட்டில் ஆள் நிற்கும். "உள்ள வந்து ரொட்டி பிட்டுட்டுப் போ" என்று கூப்பிடும். பிட்டு வாயில் போடாமல் போவது அந்த வீட்டு ரொட்டியையே அவமதித்த மாதிரி. ரொட்டியை மட்டும் வைத்தால் அவர்களுக்கும் மனசு ஆறாது. பாலாடை வரும், ஜாம் வரும், தேநீர் வரும். எனக்கு டாக்டர் சொன்னதோ, தினமும் அரை மணி நேரம் நிற்காமல் நடக்க வேண்டும் என்று.

போன வருஷம் தலைநகர் பிஷ்கெக்கில் எனக்கு வலது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் எடை ஒன்பது கிலோ கூடியிருந்தது. குதிரை கீழே தள்ளியதும் போதாமல் குழியும் பறித்ததாம். வலக்கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது.

எனக்கு நோயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஜூன் பிறந்ததும் எங்கள் குடும்பத்துக் குதிரைகள் ஜைலோவுக்கு, மேலே கோடை மேய்ச்சலுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே பெட்டைக் குதிரைகளைக் கறந்து, பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் ஆக்குபவள் நான். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, வாளியைத் தொடையில் வைத்து, வலக்கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றி விட்டுக் கறக்க வேண்டும். போன வருஷம் எனக்குப் பதிலாக என் ஓரகத்தி புருல் அக்கா போனாள். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. போனவள் பத்து வயது குறைந்து கன்னம் சிவந்து திரும்பினாள். குளிர்காலம் முழுக்க ஜைலோ பேச்சுதான். ஒருத்தி மேலே போனால் இன்னொருத்தி கீழே மாட்டையும் உருளைக்கிழங்கையும் பார்க்க வேண்டும்.

"இந்த வருஷமும் நானே போறேன். நீ படுத்து ரெஸ்ட் எடு" என்றாள் பிப்ரவரியிலேயே.

ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நரின் நகரத்து டாக்டர் பெர்மெத்துக்கு என் மகள் வயதுதான். ஆனால் பேச்சில் தாசில்தார். என் கணவர் மெலிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நேராகவே கேட்டேன்.

"ஜூன்ல ஜைலோவுக்குப் போகலாமா, டாக்டர்?"

"மே கடைசியில வாங்க. ஒரு மணி நேரம் நிக்காம நடக்கணும். அஞ்சு லிட்டர் வாளிய வலது கையில தூக்கிட்டு நடந்தாலும் கை வீங்கக் கூடாது. அப்படின்னா போங்க."

"இன்னிக்கே தூக்கிக் காட்டட்டுமா?"

"இன்னிக்கே தூக்கினா கை வீங்கி உக்காந்துக்குவீங்க. அரை லிட்டர்ல ஆரம்பிங்க. கை கனக்கலைன்னா மெதுவா ஏத்துங்க. சுவத்துல விரலால ஏறிப் பழகுங்க. முக்கியமா நடங்க."

மெலிஸ் அதிகம் பேசாத மனிதர். "டாக்டர் சரின்னா சரி" என்றார். அதாவது டாக்டர் சரி என்று சொல்லாவிட்டால் லாரியில் எனக்கு இடமில்லை.

மார்ச்சில் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலிருந்து பாலம் வரை முப்பத்து நாலு வீடு. முதல் நாள் ஐந்தாவது வீட்டைத் தாண்டவில்லை. மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழாவது வீட்டில் நின்றேன். நெடுஞ்சாலைப் பக்கம் போனால் வண்டிக்காரர்கள் விடுவதில்லை. மினிபஸ் ஓட்டும் எமில் என் முன்னால் கிரீச்சென்று நிறுத்துவான்.

"ஏறுங்கக்கா!"

"நான் எங்கயும் போகலடா. நடக்கறேன்."

"எங்கயும் போகாம எதுக்குக்கா நடக்கணும்? உடம்பு முடியாதவங்கள ரோட்டுல விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைச் செருப்பால அடிப்பாங்க."

ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கி, காசும் வாங்காமல் போவான். பத்து நிமிஷம் நடந்ததும் வீணாகும்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் என்னை எடைக்கருவியில் ஏற்றினாள். ஒன்றரை கிலோ கூடியிருந்தது.

"நடந்தீங்களா, மேஞ்சீங்களா?" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன். மார்பு போனபோதுகூட அப்படி அழவில்லை. அதை எடுக்காவிட்டால் நான் செத்திருப்பேன் என்பது எனக்குப் புரிந்தது. என்னை ஊர் கூடி ஊட்டி ஊட்டி நாற்காலியில் உட்கார வைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வழி தானாக வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், இரவல் வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்கப் பாலத்தை ஒட்டிய வீட்டுக்குப் புறப்பட்டேன். வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த காலி வாளியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். எதிரே வந்த எமில் தூரத்திலேயே பிரேக் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். காலி வாளியோடு ஒரு பெண் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பாலம்வரை யாருமே கூப்பிடவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்ன சொல்ல! அந்த வாளியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஒரு வாரம் ராணி மாதிரி நடந்தேன். எட்டாம் நாள் புருல் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எமில் நாலு நாளா சந்தைக்கு வண்டி எடுக்கல. பொண்ணு கேக்கப் போனவங்க பாதி வழியில திரும்பிட்டாங்க. ஊரே என்னைத்தான் கேக்குது, உங்க சின்னவ எங்களுக்குச் சாபம் குடுக்கறாளான்னு!"

"நடக்க விட்டா நான் ஏங்க்கா வாளி தூக்கறேன்?"

"அப்ப தண்ணி ரொப்பித் தூக்கு. நெறஞ்ச வாளி வந்தா நல்ல சகுனம்தானே!"

"பத்து லிட்டரா? டாக்டர் அரை லிட்டர்ங்கறாங்க. பத்து லிட்டர் வாளியில அரை லிட்டர் ஊத்தினா அது நெறஞ்சதா, காலியா?"

அவள் முறைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலையில் என் வாசலில் நாலு மயோனீஸ் வாளிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அரை லிட்டர், ஒரு லிட்டர், மூணு லிட்டர், அஞ்சு லிட்டர். விசேஷங்களுக்குச் சாலட் செய்து மீந்த பிளாஸ்டிக் வாளிகள். ஊரில் அவள்தான் அப்படிப்பட்டதையெல்லாம் தூக்கிப்போடாமல் வைத்திருப்பாள்.

"சின்ன வாளின்னாலும் தளும்பணும். சிந்தினா வீட்டுக்கு வந்து திரும்ப ரொப்பிட்டுப் போ" என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினாள்.

அதற்குப் பிறகு என் மதிப்பே வேறு. நிறைந்த வாளிக்காரியை யாரும் நிறுத்தி உட்கார வைக்க மாட்டார்கள். சகுனம் நடந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா! பரீட்சைக்குப் போகும் பெண்கள் என் வரவுக்காகக் காத்து நின்றார்கள். எமில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"அக்கா, இன்னிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் போறேன். ஒருவாட்டி குறுக்க போங்களேன்!"

"முன்னாடி செருப்படின்னு பயந்தியே?"

"அது அப்போ. கொஞ்சம் வேகமாப் போங்கக்கா!"

வேகமாகப் போனேன். ஏப்ரல் கடைசியில் ஒரு லிட்டர், மே நடுவில் மூணு லிட்டர். கை கனத்த நாளில் ஒரு வாளி இறங்கினேன். சாயங்காலம் சுவரில் விரலால் ஏறி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டேன். மெலிஸ் கடிவாளம் மாட்டும் ஆணிதான் என் சிகரம். ஒருநாள் காலையில் கடிவாளத்தை வலக்கையாலேயே எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்தினார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வலப்பக்கம் உள்ளாடையில் நானே அடைத்த ஆட்டுக் கம்பளி, வேகமாக நடந்தால் கழுத்துவரை ஏறிவிடும். புருல் அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டி, உன் ஆடு மலைக்குக் கிளம்பிடுச்சு" என்றாள். நின்ற இடத்திலேயே சிரித்ததில் மூணு லிட்டரும் கொட்டிப்போயிற்று.

மே கடைசியில் டாக்டர் என் கையைச் சுற்றி நாடா வைத்து அளந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் அஞ்சு லிட்டர் வாளியோடு நடக்க விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தாள். நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போங்க. ஆனா கை வீங்காம இருக்க இறுக்கமான உறையப் போட்டுட்டுத்தான் கறக்கணும். ஊசி, ரத்த அழுத்தம் எதுவா இருந்தாலும் இடது கையிலதான். கை வீங்கினா அன்னிக்கே கீழ இறங்கணும்."

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல்வரைதான் நின்றது. புருல் அக்காவின் கொடியில் புதிதாகத் தைத்த கம்பளி மேலங்கி காய்ந்துகொண்டிருந்தது. மலைக்கென்று அவள் குளிர்காலம் முழுக்கத் தைத்தது. நாலு வாளியையும் கொடுத்து அவள் தன் இடத்தைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டாக்டர் சரின்னுட்டாங்கக்கா" என்றேன், குற்றவாளி மாதிரி.

"சொல்லாம? எனக்கா அந்த மலை? குளிரு, குதிரை மூத்திர நாத்தம். போய்த் தொலை" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

புறப்படும் நாளில் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். வண்டி வாசலைத் தாண்டியதும் மெலிஸ் பிரேக் போட்டார். புருல் அக்கா பாதையின் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். வலக்கையில் பத்து லிட்டர் வாளி, விளிம்புவரை தண்ணீர். இடக்கையில் ரொட்டி. தோளில் அந்த மேலங்கி. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்து வாளியை வைத்துவிட்டு, "இறங்கி ரொட்டி பிட்டுட்டுப் போ" என்றாள்.

இறங்கினேன். மூணு மாதமாக நான் பயந்து ஓடிய அதே ரொட்டி. பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டேன். அவள் மேலங்கியை என் தோளில் போட்டு, வலப்பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தாள். அந்தப்பக்கம் உள்ளே சுருக்கி, கம்பளி நகராதபடி தையல் போட்டிருந்தாள். புதுத் தையல்.

"ஆகஸ்ட்ல உருளைக்கிழங்க நான் பாத்துக்கறேன். நீங்க மேல வாங்கக்கா" என்றேன்.

"அத அப்பப் பாக்கலாம். கீழ வரும்போது குமிஸ் ரொப்பிட்டு வா. வெறும் வாளியோட வந்தேன்னா ஊருக்குள்ள விடமாட்டேன், ஆமா."